இங்கிலாந்துக் கிராமம்: வசதிகள் வந்த கதை

படிக்கும் முன்

வெளிநாட்டுக் கிராமம் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? அங்கே எல்லா வசதியும் இருக்கும். தண்ணீர் வரும், விளக்கு எரியும், பஸ் வரும். எல்லாவற்றையும் அரசாங்கமே கொண்டுவந்து கொடுத்திருக்கும். இப்படித்தான் பலர் நினைக்கிறோம்.

இது பாதி உண்மை. மீதிப் பாதியை இந்தப் பாடத்தில் படிப்போம். அந்த வசதிகளைக் கேட்டு வாங்கியவர்கள் யார்? வந்த வசதிகள் இடையில் ஏன் மறைந்தன? மறைந்தவற்றை ஊரார் எப்படி மீட்டார்கள்?

1. ஊர் எப்படி இருக்கும்?

இங்கிலாந்து குளிர் நாடு. அங்கே 100 பேரில் சுமார் 17 பேர் கிராமப்புறங்களில் வாழ்கிறார்கள். மற்றவர்கள் நகரங்களில் வாழ்கிறார்கள்.

கிராமத்தின் நடுவே ஒரு பழைய தேவாலயம் இருக்கும். அதைச் சுற்றிக் கல் வீடுகளும் செங்கல் வீடுகளும் இருக்கும். பல ஊர்களில் நடுவில் ஒரு புல்வெளி உண்டு. அது ஊருக்குப் பொதுவானது. பிள்ளைகள் அங்கே விளையாடுவார்கள். கோடையில் கிரிக்கெட் நடக்கும். ஊரைச் சுற்றி வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் இருக்கும். கோதுமை, பார்லி, உருளைக்கிழங்கு விளையும். ஆடும் மாடும் மேயும்.

குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கோடையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும்.

இன்று அந்தக் கிராமங்களில் உழவு வேலை செய்பவர்கள் மிகக் குறைவு. இயந்திரங்கள் வந்துவிட்டன. பலர் அருகிலுள்ள நகரத்துக்குக் காரில் வேலைக்குப் போகிறார்கள். சிலர் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறார்கள். ஓய்வு பெற்ற முதியவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

2. ஏழு ஷில்லிங் கூலி

200 ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. அன்று ஊர் மக்களில் பெரும்பாலோர் கூலி உழவர்கள்.

அதற்கு முன்பு பல ஊர்களில் பொது நிலம் இருந்தது. ஏழையும் அங்கே தன் பசுவை மேய்க்கலாம். விறகு பொறுக்கலாம். பிறகு அந்த நிலங்களுக்கு வேலி போட்டார்கள். அவை தனியார் சொத்தாயின. இதற்காக 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களை நாடாளுமன்றம் போட்டது. 68 லட்சம் ஏக்கர் நிலம் இப்படி வேலிக்குள் போனது. மாடு வைத்திருந்த ஏழை வெறும் கூலியாள் ஆனார்.

தெற்கு இங்கிலாந்தில் டார்செட் என்ற மாவட்டம் உண்டு. அங்கே டால்படில் என்ற சிறிய கிராமம் இருக்கிறது. 1830-களில் அங்கே கூலியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வாரத்துக்கு ஒன்பது ஷில்லிங் ஏழு ஷில்லிங் ஆனது. இனி ஆறுதான் என்றார்கள். ஒரு குடும்பம் அதில் எப்படிச் சாப்பிடும்?

கூலியாட்கள் ஊர் மரத்தடியில் கூடிப் பேசினார்கள். சங்கம் அமைத்தார்கள். சங்கம் வைப்பது அன்று குற்றம் இல்லை. சட்டம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் சேர்ந்தவர்கள் இரகசியமாக உறுதிமொழி எடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டது அரசாங்கம். கடற்படைக் கலகத்தை அடக்க 1797-இல் வந்த ஒரு பழைய சட்டத்தைத் தேடி எடுத்தது.

1834 பிப்ரவரியில் ஆறு பேர் கைதானார்கள். ஜார்ஜ் லவ்லெஸ் அவர்களுக்குத் தலைவர். ஏழு ஆண்டு நாடு கடத்தல் என்று தீர்ப்பு வந்தது. அவர்களைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். குடும்பங்கள் ஊரில் தவித்தன.

செய்தி நாடெங்கும் பரவியது. தொழிலாளிகள் கொதித்தார்கள். லண்டனில் பெரிய ஊர்வலம் நடந்தது. மனு ஒன்றில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். அரசாங்கம் பணிந்தது. 1836-இல் ஆறு பேருக்கும் மன்னிப்பு வழங்கியது. ஆறு பேரும் நாடு திரும்பினார்கள்.

அந்த மரம் இன்றும் டால்படிலில் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் தொழிலாளர்கள் அங்கே கூடி விழா நடத்துகிறார்கள்.

3. வேலி வெட்டிய கை

அடுத்த கதை ஜோசப் ஆர்ச் என்பவருடையது. அவர் 1826-இல் பார்ஃபர்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் பள்ளியை விட்டார். வயலில் பறவை விரட்டும் வேலைக்குப் போனார். பிறகு உயிர்வேலி வெட்டுவதில் பெயர் பெற்றார். மாலையில் தானாகவே படித்து அறிவை வளர்த்தார்.

1872 பிப்ரவரி மாதம். ஓர் இரவு, பக்கத்து ஊரான வெல்ஸ்போர்னில் கூலி உழவர்கள் கூட்டம் போட்டார்கள். ஆர்ச் அங்கே மரத்தடியில் நின்று பேசினார். நூற்றுக்கணக்கானோர் வந்திருந்தார்கள். அந்த ஆண்டே நாடு தழுவிய உழவுத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

சங்கம் கூலி உயர்வு கேட்டது. ஓட்டுரிமையும் கேட்டது. 1884-இல் கிராமத் தொழிலாளிகளான ஆண்களுக்கு ஓட்டு கிடைத்தது. பெண்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. 1885-இல் நடந்த தேர்தலில் ஆர்ச் வென்றார். வேலி வெட்டியவர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார்.

1894-இல் இன்னொரு சட்டம் வந்தது. சிறிய ஊர்களும் தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுக்க அது வழி செய்தது. அதற்குப் பெயர் பாரிஷ் மன்றம். அதுவரை ஊர்க் காரியங்களைப் பாதிரியாரும் நிலப்பிரபுவும் பார்த்தார்கள். இனி ஊராரே பார்க்கலாம். மன்றத் தேர்தலில் பெண்களும் ஓட்டுப் போடலாம், நிற்கலாம் என்றது சட்டம். திருமணமான பெண்களுக்கும் அந்த உரிமை இருந்தது. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை பெண்களுக்கு 1918-இல்தான் வந்தது. அதுவும் அப்போது எல்லாப் பெண்களுக்கும் வரவில்லை.

4. ஊர் மன்றம் எப்படி நடக்கிறது?

இன்று இங்கிலாந்தில் சுமார் 10,000 பாரிஷ், சிறுநகர மன்றங்கள் இருக்கின்றன. நம் நாட்டில் ஊராட்சி இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிகாரம் குறைவு. பள்ளி, பெரிய சாலை, குப்பை அள்ளுதல் ஆகியவை மேலே உள்ள மன்றங்களின் பொறுப்பு.

பாரிஷ் மன்றம் என்ன செய்கிறது? தெருவிளக்கு, பஸ் நிழற்குடை, விளையாட்டுத் திடல், இடுகாடு, நடைபாதை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். ஏழைகளும் காய்கறி பயிரிடுவதற்கு நிலத் துண்டுகளை வாடகைக்குக் கொடுக்கலாம். இந்த நிலத் துண்டுக்கு அலாட்மென்ட் என்று பெயர். ஒரு துண்டு சுமார் 250 சதுர மீட்டர் இருக்கும். ஓட்டுரிமை உள்ள ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் போதும். மன்றம் அதைக் கட்டாயம் ஆலோசிக்க வேண்டும். இது 1908-ஆம் ஆண்டுச் சட்டம்.

பணம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு வீட்டுக்கும் மன்ற வரி உண்டு. அதில் ஒரு சிறு பங்கு பாரிஷ் மன்றத்துக்குப் போகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று பாரிஷ் மன்றமே முடிவு செய்கிறது. ஆகவே ஊரார் கணக்குக் கேட்பார்கள்.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது.

கூட்டம் நடக்கும் செய்தியை மூன்று முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். என்ன பேசப் போகிறார்கள் என்றும் எழுத வேண்டும். கூட்டத்துக்கு யாரும் போய் உட்காரலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஊர்க் கூட்டம் நடக்கும். மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் அதை நடத்த வேண்டும். ஓட்டுரிமை உள்ள எல்லோரும் அதில் பேசலாம். வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள் பார்வைக்குத் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பலகையைப் படிப்பவருக்குத்தான் கூட்டம் தெரியும். கணக்கைப் படிப்பவருக்குத்தான் கேள்வி பிறக்கும். படிக்க ஆள் இல்லாவிட்டால் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

5. தண்ணீர், விளக்கு, அடுப்பு

1930-களில்கூடப் பல ஆங்கிலக் கிராமங்களில் குழாய்த் தண்ணீர் இல்லை. கிணற்றிலிருந்தும் அடிகுழாயிலிருந்தும் வாளியில் சுமந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் சுமந்தார்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, தோட்டத்தின் கோடியில் இருந்தது.

1944-இல் ஒரு சட்டம் வந்தது. கிராமங்களுக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போட அரசாங்கம் மானியம் தந்தது. 1948-இல் மின்சாரம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பிறகு தொலைவில் இருந்த பண்ணைகளுக்கும் கம்பி போனது. பிற்காலத்தில் அரசாங்கம் இவற்றைத் தனியாருக்கு விற்றது. தண்ணீர் 1989-இல் தனியாரிடம் போனது. மின்சாரம் 1990-இல் போகத் தொடங்கியது.

இன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் தண்ணீரும் மின்சாரமும் உண்டு. ஆனால் பல கிராமங்களுக்கு எரிவாயுக் குழாய் கிடையாது. அங்கே வீட்டைச் சூடாக வைக்க எண்ணெய் எரிக்கிறார்கள். தோட்டத்தில் ஒரு எண்ணெய்த் தொட்டி இருக்கும். லாரி வந்து அதை நிரப்பும். எண்ணெய் விலை ஏறினால் முதியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இதற்கு ஊரார் ஒரு வழி கண்டார்கள். பல வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் எண்ணெய் வாங்குகின்றன. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. லாரியும் ஒரு முறை வந்தால் போதும்.

6. பள்ளியும் மருத்துவமும்

1870-இல் நாடெங்கும் தொடக்கப் பள்ளிகள் அமைக்கச் சட்டம் வந்தது. 1880-இல் படிப்பு கட்டாயம் ஆனது. 1891-இல் தொடக்கப் படிப்பு இலவசம் ஆனது. அதற்கு முன் சின்ன வயதில் ஆர்ச் பறவை விரட்டப் போனார் அல்லவா? அந்தக் காலம் மெல்ல முடிந்தது.

இன்று சில கிராமப் பள்ளிகளில் 50 பிள்ளைகள்கூட இருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று வகுப்புகள் ஒரே அறையில் நடக்கும். 2014 செப்டம்பர் முதல், முதல் மூன்று ஆண்டு வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். அடுத்துள்ள பள்ளி மிகத் தொலைவில் இருந்தால் பிள்ளைகளை இலவசமாக அழைத்துப் போக வேண்டும். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3.2 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் இந்த உரிமை உண்டு. அதற்கு மேற்பட்டவர்களுக்கு 4.8 கிலோமீட்டர்.

மருத்துவம்? 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. மருத்துவரைப் பார்க்கக் காசு இல்லை. மருத்துவமனையில் படுத்தாலும் காசு இல்லை. செலவு வரிப் பணத்திலிருந்து வருகிறது. மருந்துச் சீட்டுக்கு மட்டும் இங்கிலாந்தில் ஒரு கட்டணம் உண்டு. பிள்ளைகளுக்கும் 60 வயது ஆனவர்களுக்கும் அதுவும் இல்லை.

கிராமத்தில் மருந்துக் கடை இருக்காது. ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கடையிலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வாழும் கிராமத்தவருக்கு, அனுமதி பெற்ற மருத்துவரே மருந்தும் கொடுக்கலாம்.

ஆனால் பெரிய மருத்துவமனை நகரத்தில் இருக்கிறது. காரில்லாத முதியவர் எப்படிப் போவார்? பல ஊர்களில் தொண்டர்கள் தங்கள் காரில் அழைத்துப் போகிறார்கள். பெட்ரோல் செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

7. ஒவ்வொன்றாக மறைந்தன

இங்கேதான் கதை திரும்புகிறது. பாடுபட்டு வந்த வசதிகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின.

முதலில் ரயில். 1963-இல் பீச்சிங் என்பவர் ஓர் அறிக்கை கொடுத்தார். நட்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொன்னார். 2,300-க்கும் மேற்பட்ட நிலையங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. பல கிராமங்களில் தண்டவாளம் இருந்த இடத்தில் இன்று புல் முளைத்திருக்கிறது.

அடுத்தது பஸ். 1986-இல் லண்டனுக்கு வெளியே பஸ் தொழில் தனியார் போட்டிக்குத் திறக்கப்பட்டது. இலாபம் வரும் தடத்தில் பஸ்கள் ஓடின. இலாபம் இல்லாத தடத்தில் மாவட்ட மன்றம் பணம் கொடுத்தால்தான் பஸ் உண்டு. மன்றத்திடம் பணம் குறைந்தது. பஸ்ஸும் குறைந்தது. 2008 முதல் முதியவர்களுக்குப் பஸ் பயணம் நாடெங்கும் இலவசம். நெரிசல் நேரத்தில் மட்டும் இல்லை. ஆனால் பஸ்ஸே வராத ஊரில் இலவசச் சீட்டு எதற்கு உதவும்?

பிறகு தபால் நிலையம். 2007 முதல் 2009 வரை நாட்டில் சுமார் 2,500 தபால் நிலையங்கள் மூடப்பட்டன. கிராமத்தில் தபால் நிலையம் பெரும்பாலும் கடைக்குள்தான் இருக்கும். தபால் நிலையம் போனால் கடைக்கு வருபவர் குறைவார்கள். கடையும் மூடிவிடும்.

கார் உள்ளவர் நகரத்துப் பெரிய கடைக்குப் போனார். அங்கே விலை மலிவு. கார் இல்லாதவர்தான் கஷ்டப்பட்டார். ஒரு பாக்கெட் பால் வாங்க அவர் யாரிடம் போவார்? காலையில் கடைக்குப் போய் நான்கு வார்த்தை பேசுவதுதான் தனியாக வாழும் மூதாட்டிக்குத் துணை. அதுவும் போனது.

8. ஊரார் கடை

கடை மூடியதும் பல ஊரார் சும்மா இருக்கவில்லை. கூட்டம் கூட்டினார்கள். “கடை நமக்கு வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்டார்கள். வேண்டும் என்றால் நாமே நடத்துவோம் என்று முடிவு செய்தார்கள்.

எப்படி நடத்துகிறார்கள்?

முதலில் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள். என்ன பொருள் வாங்குவீர்கள், எவ்வளவு பணம் போடுவீர்கள் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

பிறகு பங்கு விற்கிறார்கள். ஏழையும் வாங்கும்படி சிறிய தொகையில் பங்கு இருக்கும்.

அதிகப் பங்கு வாங்கினாலும் ஓட்டு ஒன்றுதான். பணக்காரருக்கும் ஒரு ஓட்டு, ஏழைக்கும் ஒரு ஓட்டு. இது கூட்டுறவின் அடிப்படை.

பல கடைகளில் சம்பளத்துக்கு ஒரு மேலாளர் இருப்பார். மற்ற வேலைக்கு ஊராரே முறை வைத்து வருவார்கள். ஒருவர் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் கடையில் நிற்பார்.

இலாபம் வந்தால் கடைக்கும் ஊர் நன்மைக்கும் செலவாகும்.

இன்று பிரிட்டனில் இப்படிச் சுமார் 400 ஊரார் கடைகள் நடக்கின்றன. பலவற்றில் தபால் மேசை உண்டு. தேநீர் குடிக்க ஒரு மூலையும் உண்டு. புதிதாகத் தொடங்கும் ஊர்களுக்கு ப்ளங்கெட் என்ற அமைப்பு வழி காட்டுகிறது. ஹொரஸ் ப்ளங்கெட் என்ற கூட்டுறவுத் தலைவர் அதை 1919-இல் தொடங்கினார்.

கடையைப் போலவே பப்பையும் சில ஊரார் வாங்கினார்கள். பப் என்பது பீரும் சாப்பாடும் விற்கும் விடுதி. குடி எந்த நாட்டிலும் குடும்பத்துக்குக் கேடுதான். ஆனால் அங்கே பல ஊர்களில் நாலு பேர் கூடிப் பேச வேறு இடம் இல்லை. வடக்கே கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற கிராமம் இருக்கிறது. அங்குள்ள ஓல்ட் க்ரவுன் என்ற பப்பை 2003-இல் கூட்டுறவாக வாங்கினார்கள். பிரிட்டனில் கூட்டுறவு வாங்கிய முதல் பப் அது.

2011-இல் ஒரு சட்டம் வந்தது. ஊருக்கு முக்கியமான கடை, பப், கூடம் ஆகியவற்றை ஊரார் ஒரு பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். உரிமையாளர் விற்க நினைத்தால், ஊரார் பணம் திரட்ட அந்தச் சட்டம் ஆறு மாத அவகாசம் தந்தது.

9. ஊரார் தோண்டிய பள்ளம்

இணையம் இன்று தண்ணீர், விளக்கு போல ஆகிவிட்டது. பிள்ளைகளின் பாடம், வங்கி வேலை, அரசாங்க மனு எல்லாம் அதில்தான். ஆனால் லங்காஷையர் மாவட்டத்தின் மலையோரக் கிராமங்களுக்கு வேகமான இணையம் வரவில்லை. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று பெரிய நிறுவனங்கள் ஒதுங்கின.

ஊரார் 2011-இல் தாங்களே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதை ‘பார்ன்’ என்று அழைக்கிறார்கள். பங்கு விற்றுப் பணம் திரட்டினார்கள். சாலையைத் தோண்டினால் செலவு அதிகம். ஆகவே வயல் வழியே கம்பியைக் கொண்டுபோனார்கள். விவசாயிகள் வாடகை கேட்காமல் வழி விட்டார்கள். டிராக்டர் கொண்டுவந்து பள்ளம் தோண்டினார்கள். மற்றவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். தோண்டியவர்களின் உழைப்பும் பங்காகக் கணக்கிடப்பட்டது.

கட்டுப்படியாகாது என்று சொன்ன இடத்தில் கம்பி போனது. நகரத்தில் பலருக்குக் கிடைக்காத வேகம் அந்தப் பண்ணை வீடுகளுக்குக் கிடைத்தது. பிறகு பக்கத்து ஊர்களும் சேர்ந்தன.

10. கூடமும் பாதையும்

ஊருக்கு ஊர் ஒரு பொதுக் கூடம் உண்டு. நாட்டில் இப்படி 10,000-க்கும் மேற்பட்ட கூடங்கள் இருக்கின்றன. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாகப் பல கூடங்கள் கட்டப்பட்டன. காலையில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வருவார்கள். மாலையில் உடற்பயிற்சி, நாடகம் நடக்கும். தேர்தல் நாளில் அதுவே ஓட்டுச் சாவடி.

கூடத்தை அதிகம் பயன்படுத்துவோரில் மகளிர் மன்றமும் ஒன்று. இந்த இயக்கம் 1897-இல் கனடாவில் தொடங்கியது. 1915-இல் பிரிட்டனுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தது. கிராமத்துப் பெண்கள் வீணாகும் பழங்களைச் சேர்த்துப் பதப்படுத்தினார்கள். 1940 முதல் 1945 வரை 5,000 டன்னுக்கும் மேல் பதப்படுத்தினார்கள்.

ஊர் மூலையில் ஒரு சிவப்புத் தொலைபேசிப் பெட்டி நிற்கும். இப்போது எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது. பெட்டிக்கு வேலை இல்லை. 2008 முதல் தொலைபேசி நிறுவனம் இந்தப் பெட்டிகளை ஊராருக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்து வருகிறது. சில ஊர்களில் அது சின்ன நூலகம் ஆனது. படித்த புத்தகத்தை வைத்துவிட்டு வேறு புத்தகம் எடுக்கலாம். சில ஊர்களில் இதயம் நின்றவரைக் காப்பாற்றும் மின் கருவியை அதற்குள் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சொத்து நடைபாதை. அது தனியார் வயலின் நடுவே போகும். ஆனாலும் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. உரிமையாளர் அடைக்க முடியாது. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பாதைகளை வரைபடத்தில் குறித்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இவை சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளம். பொது நிலம் வேலிக்குள் போனது. நடக்கும் உரிமையாவது மிஞ்சியது.

11. தீராத குறை

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை.

பெரிய குறை வீடு. அழகான கிராமங்களில் நகரத்துப் பணக்காரர்கள் வீடு வாங்குகிறார்கள். விடுமுறைக்கு மட்டும் வருகிறார்கள். வீட்டு விலை ஏறுகிறது. ஊரில் பிறந்த இளைஞர்களால் ஊரில் வீடு வாங்க முடியவில்லை. அவர்கள் நகரத்துக்குப் போகிறார்கள். பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். பள்ளி மூடும் நிலை வருகிறது. குளிர்காலத்தில் சில தெருக்களில் பாதி வீடுகளில்கூட விளக்கு எரிவதில்லை.

சில ஊர்களில் நில அறக்கட்டளை அமைத்திருக்கிறார்கள். நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதில் கட்டும் வீடு உள்ளூர்க்காரருக்குத்தான். அதிக விலைக்கு வெளியாளுக்கு விற்க முடியாது. இது நல்ல வழி. ஆனால் இன்னும் சிறிய அளவில்தான் நடக்கிறது.

தொண்டர்களும் களைத்துப் போகிறார்கள். கடையில் நிற்பவர்களில் பலர் முதியவர்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை ஊரார் தலையில் கட்டுவது சரியா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஊரார் உழைப்பும் வேண்டும். அரசாங்கத்தின் கடமையும் நிற்கக் கூடாது.

நினைவில் வைப்போம்

டால்படில் ஆறு பேர் கூலிக்காகக் கூடினார்கள். ஆர்ச் ஓட்டுக்காகக் கூட்டம் போட்டார். பேரப் பிள்ளைகள் காலத்தில் தண்ணீரும் பள்ளியும் மருத்துவமும் வந்தன. அவற்றில் சில மறைந்தபோது ஊரார் மறுபடியும் கூடினார்கள். வசதி ஒரு முறை வந்தால் நிலைத்துவிடாது. கேட்கவும் வேண்டும், காக்கவும் வேண்டும்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊரில் எந்த வசதி முன்பு இருந்து இப்போது இல்லை? ஏன் போனது?
2. அதிகப் பங்கு வாங்கினாலும் ஒரே ஓட்டு என்பது சரியா? ஏன்?
3. உங்கள் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? யாரிடம் கேட்கலாம்?
4. கார் இல்லாத முதியவருக்கு அங்கே வரும் கஷ்டம் உங்கள் ஊரிலும் உண்டா?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. டால்படிலில் ________ பேர் கைதானார்கள்.
2. ஆர்ச் ________ வயதில் பள்ளியை விட்டார்.
3. பாரிஷ் மன்றச் சட்டம் வந்த ஆண்டு ________.
4. கூட்டச் செய்தியை ________ முழு நாட்களுக்கு முன்பே ஒட்ட வேண்டும்.

எழுதிப் பழகுவோம்

உங்கள் தெருவுக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று ஊராட்சித் தலைவருக்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போடுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

சொல்லும் பொருளும்

அவகாசம் – கால இடைவெளி
உயிர்வேலி – செடிகளை நெருக்கி வளர்த்த வேலி
நாடு கடத்தல் – தண்டனையாக வேறு நாட்டுக்கு அனுப்புதல்
மானியம் – அரசாங்கம் தரும் உதவித் தொகை
ஷில்லிங் – பழைய ஆங்கில நாணயம். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு
அறக்கட்டளை – பொது நன்மைக்காகச் சொத்தைக் காக்கும் அமைப்பு

(விடைகள்: 1. ஆறு 2. ஒன்பது 3. 1894 4. மூன்று)